மாடசாமி கொடையில் வயலின்

1. குடத்தின் சுருதி

வயலின் வந்து சேர்ந்த அன்றே எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவில் தகராறு. உடுக்கு அடிக்கும் பேச்சிமுத்து அண்ணாச்சி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அக்கா, அந்த வயலின்காரரு உக்காந்தா நம்மள எல்லாம் சுருதி சேக்கச் சொல்லுவாரு. குடத்த எப்படிச் சேக்க? உடைச்சா?"

அக்கா என்பது இசக்கியம்மாள். குழுவின் தலைவி, வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலைப் பிடித்துப் பாடுகிறவர். நான் குடம் அடிப்பவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, டீக்கடை, லாரி கிளீனர், சங்கரன்கோவிலில் பவர்லூம் என்று எதிலும் நிலைக்காமல் அலைந்துவிட்டு அக்காவிடம் சேர்ந்திருந்தேன். அது எழுபதுகளின் கடைசி.

எங்கள் ஆர்மோனியக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரிக்கு வந்திருந்த வயலின் வித்வான் நீலகண்டன் சார் எங்கள் பாட்டைக் கூட்டத்தோடு நின்று கேட்டுவிட்டு, "அவர் எழுந்து வர்ற வரைக்கும் நான் வாசிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். பெரிய சபாக்களில் வாசித்தவர். சர்ச் பாட்டுக் குழுவோடும் நையாண்டி மேளத்தோடும் அதற்கு முன்பே உட்கார்ந்து வாசித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

சார் யாரையும் சுருதி சேர்க்கச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, குடத்தை ஒரு தட்டுத் தட்டு" என்றார். தட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வயலினின் முறுக்காணிகளைத் திருகிக் கம்பிகளைத் தளர்த்தினார். இன்னொரு தட்டு, இன்னொரு திருகு. மண்குடத்துக்குத் தக்கபடி தன் வாத்தியத்தை இறக்கிக்கொண்ட வித்வானை அதுவரை நான் பார்த்ததில்லை. அண்ணாச்சியும் பார்த்ததில்லை. உடுக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

2. மதியக் கொடை

குருவிகுளம் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில் மாடசாமிக்குக் கொடை விழா. அந்தக் கோயிலில் அக்காவின் அம்மா காலத்திலிருந்து எங்கள் குழுவுக்குத்தான் பாட்டு. மதியக் கொடையில் சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டைப் பாடும்போது சாமியாடிமேல் சாமி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குறை பாட்டில்தான் என்று ஊர் சொல்லும். அடுத்த கொடைக்கு வேறு வில்லுக் குழுவைக் கூப்பிடுவார்கள். போன வருஷம் சாமி இறங்கத் தாமதமாகி, அப்போதே முணுமுணுப்பு எழுந்திருந்தது.

வயலின் பெட்டியைப் பார்த்ததுமே ஊர்ப் பெரியவர் கேட்டார். "இசக்கி, சாமிய அழைக்க வந்தியா, கச்சேரி நடத்த வந்தியா?"

"சாமி வந்தபொறவு கேளுங்க அண்ணாச்சி" என்றார் அக்கா. ஆனால் வீசுகோலை முந்தானையால் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார்.

உச்சி வெயில். வரத்து ஆரம்பமானது. சாமியாடிக்குத் தோள் லேசாக நடுங்கியது. அந்த இடத்தில் அக்கா பாட்டின் ஒரு அடியை இழுத்து நிறுத்த, சார் அதைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். நான் அன்றுவரை கேட்டிராத வாசிப்பு. வளைந்து மேலே போய், இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது. குலவை போட வந்த பெண்கள் வாயடைத்து நின்றார்கள். சாமியாடியின் தோள் அடங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, தாளத்துக்குத் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

"ஏலே, சாமி கச்சேரி கேக்குதுல்லா!" என்று எவனோ கத்தினான். சிரிப்பு கிளம்பியது. பெரியவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

சார் அக்காவைப் பார்த்தார், சாமியாடியைப் பார்த்தார். அவ்வளவுதான். ராகத்தைப் பாதியிலேயே விட்டார். வயலின் குச்சியைத் திருப்பி, அதன் மரப்பக்கத்தால் கம்பிமேல் தட்ட ஆரம்பித்தார். ஒரே சுரம், குடத்தின் சுரம். நான் அடிக்கும் இடத்தில் அவர் அடிக்கவில்லை. என் இரண்டு அடிக்கு நடுவே இருந்த சந்தில் அடித்தார். என் கை தானாக வேகம் எடுத்தது. உடுக்கு ஏறியது. அக்காவின் குரல் அதன்மேல் பாய்ந்தது.

சாமியாடி ஒரே துள்ளலில் பந்தலுக்கு வெளியே போய் விழுந்தார். குலவை கிளம்பியது. எழுந்து நின்ற பெரியவர் கையைக் கூப்பினார்.

சாப்பாட்டுப் பந்தியில் சாமியாடி சாருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "சாமி, மொதல்ல ஒண்ணு வாசிச்சியள்லா, அத இன்னொருக்க வாசிங்க. பாதியில நிப்பாட்டிட்டிய."

அக்கா இலையிலிருந்து நிமிரவே இல்லை. "இப்ப கேளும்வே. அப்பமே கேட்டிருந்தா கொன்னிருப்பேன்."

சார் கையைக் கழுவிவிட்டு வந்து வாசித்தார். பெரியவர்தான் முன்னால் உட்கார்ந்து கேட்டார். அடுத்த வருஷமும் அங்கே எங்கள் வில்லுதான்.

3. மதுரையில்

பிறகு குடத்தையும் விட்டேன். எண்பதுகளில் மதுரையில் ஒரு மைக்செட் கம்பெனியில் இருந்தேன். ஒருநாள் மேடையில் மைக் வைக்கப் போனால் நீலகண்டன் சார். பக்கத்தில் வடநாட்டு சாரங்கி வித்வான். சார் குனிந்து அவருடைய சுருதியைக் கேட்டுத் தன் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

கச்சேரியின் நடுவில் சாரங்கி உச்சத்துக்குப் போனபோது சார் வாசிப்பை நிறுத்தினார். குச்சியைத் திருப்பிப் பிடித்துத் தட்டினார். சபையில் பலத்த கைதட்டல். புதுமை என்று நினைத்திருப்பார்கள். அது எங்கள் மதியக் கொடை அடி. மேடைப் பக்கவாட்டில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கை, மைக் பெட்டியின் மேல் அதற்குரிய குடத்தின் அடிகளைப் போட்டுக்கொண்டிருந்தது. சார் திரும்பிப் பார்த்தார். தட்டிக்கொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகும் பல வேலை மாறியிருக்கிறேன். எங்கே போய்ச் சேர்ந்தாலும் முதல் நாள் நான் வாயைத் திறப்பதில்லை. அந்த இடத்துக் குடம் என்ன சத்தம் போடுகிறது என்று கேட்டுக்கொள்வேன். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு வித்வான் தன் கம்பியைத் தளர்த்தியதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.