மனசு வந்து கொடுத்தது

டைப்ரைட்டரில் தாளைச் செருகும் முன் தணிகைவேல் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறான். எங்காவது நாக்கு தயங்கினால் விரல் இறங்காது. சட்டைப் பையில் ஒரு குண்டூசி எப்போதும் உண்டு. எழுத்தச்சுகளின் குழியில் அடைத்துக்கொள்ளும் மையைக் குத்தி எடுப்பதற்கு. ஆம்பூர்த் தோல் ஷாப்புகளில் குமாஸ்தாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். லண்டனுக்கு எழுதும் இங்கிலீஷ் என்றால் என் தம்பியைத்தான் கேட்பார்கள். குடியாத்தத்தில் நான் ராட்டை சுற்றிய கூலியில் டைப் படித்தவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அவன் அடித்த தாளில் ஓரம் கோணினால் எனக்குத் தெரிந்துவிடும். கோணியதில்லை.

மளிகைக் கடையிலும் அவன் இப்படித்தான். பாதிப் பணம் கொடுத்தால் சீட்டில் ‘ஆன் அக்கவுன்ட்’ என்று எழுதச் சொல்வான். “இன்னாபா, அரைப்படி துவரம்பருப்புக்கு லண்டன் பாஷையா?” என்று கடைக்காரர் ஜியாவுல்லா சிரிப்பார். “மீதி இருக்குதுன்னு அர்த்தம் பாய். உங்களுக்குத்தான் நல்லது” என்பான் இவன், சிரிக்காமல்.

முதலாளி அப்துல் வஹீத் சாயபு கடிதத்தைப் பேச்சாகவே கொட்டுவார். “தோல்ல உப்புக் கறைன்னு லண்டன்காரன் பேஜார் பண்றான்பா. விலையில கொஞ்சம் கம்மி பண்ணிக்கோன்னு எழுது. ஆனா தப்பு நம்மளுதுன்னு எழுதிடாத.” தணிகைவேல் அதை இரண்டே சொல்லில் அடக்கினான்: எக்ஸ் கிரேஷியா. கொடுக்கக் கடமையில்லை, மனசு வந்து கொடுக்கிறோம் என்று பொருளாம். லண்டன்காரன் அதற்குமேல் பேசவில்லை. சாயபு இவனுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க, குளிக்கும்போதுகூட அந்தச் சொல்லை வாயில் உருட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த மழைக்காலத்தில், ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை அரைக்கும் மெஷின் சின்னசாமியின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. மாதனூரிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். சாயபு ஐந்நூறு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நஷ்டஈடுன்னு போட்டு ரசீது அடிப்பா. மீதியை பக்ரீத் கழிச்சுக் குடுத்துடலாம்.”

“அப்படிப் போடக்கூடாது பாய். நஷ்டஈடுன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எக்ஸ் கிரேஷியான்னுதான் போடணும்.”

“இன்னாவோ, படிச்சவன் நீ. சரியாப் போடு.”

சரியாகப் போட்டான். சின்னசாமி இடது பெருவிரலை மையில் உருட்டிப் பதித்தார்.

பக்ரீத்துக்கு முன்பே சாயபு காலமாகிவிட்டார். மீதியைக் கேட்கப் போன சின்னசாமியிடம் புது மேனேஜர் ரசீதைப் படித்துக் காட்டினார். “பெரியவர் மனசு வந்து குடுத்ததுய்யா இது. பாக்கின்னு இதுல எங்க இருக்குது?”

“சாயபு வாயால சொன்னதை நீ கேட்டியேடா. மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லேன்” என்றேன் தம்பியிடம்.

“எழுத்துல இல்லாததை எப்படிக்கா சொல்றது?”

போன ஞாயிற்றுக்கிழமை சின்னசாமியே வீட்டுக்கு வந்தார். ரசீதின் நகலை மடியிலிருந்து எடுத்தார். “பொட்டிக்கடை ஒண்ணு பேசி வச்சிருக்கேன் தம்பி. மீதி வந்தாத்தான் ஆகும், இல்லன்னா வேற பொழப்பு இன்னா இருக்குது எனக்கு? நீ அடிச்ச காகிதந்தானே. ஒருதரம் நல்லாப் பாரு. எங்கனா தப்பு கிப்பு இருந்தா, அதைச் சொல்லியாவது கேக்கலாம்.”

தணிகைவேல் ஜன்னல் பக்கம் போய் நின்றான். தாளை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை படித்தான். திரும்ப ஒருமுறை படித்தான். உதடுகள் அசைந்தன, எங்கும் தயங்கவில்லை.

“ஒரு தப்பும் இல்லண்ணா” என்றான்.

பழைய மடிப்பு மாறாமல் தாளை மடித்தான். விளிம்பை நகத்தால் நீவிவிட்டு, சின்னசாமியின் வலது பக்கமாக நீட்டினான். நீட்டியபடியே நின்றான்.