வெள்ளைச் சேவலும் மஞ்சள் சாயலும்

தையல்காரி வீட்டுக் கொல்லையில் வளர்ந்த சேவலுக்கு மாப்பிள்ளை என்று பெயர். பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வந்தான் என்று கேட்காதீர்கள். விடிகாலையில் அது கூவும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, மாப்பிள்ளைக்கு இன்னும் காபி போடலியா?" என்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

பெயருக்கேற்ற மிடுக்கும் இருந்தது. உச்சிக்கொண்டையில் ஐந்து முனைகள், ஒன்றுகூடச் சாயாமல் நேராக நிற்கும். நெஞ்சை நிமிர்த்தி அது நடந்து வந்தால், கல்யாண மண்டபத்தில் யாரோ பெரிய மனிதர் நுழைகிற மாதிரி இருக்கும். எல்லாவற்றையும்விட அந்த வெள்ளை! கழுத்திலிருந்து வால்நுனிவரை வேறு நிறமே கிடையாது. கலப்பில்லாத சாதிக் கோழிக்கு இலக்கணம் என்று ஒரு புத்தகமே உண்டு; கொண்டை இப்படி, கால் இப்படி, வால் இவ்வளவு சாய்வு என்று வரி வரியாக இருக்கும். வெள்ளைக் கோழிக்கு அதில் ஒரு வரி எல்லாவற்றுக்கும் மேலே: இறகில் மஞ்சள் சாயல் கூடாது.

இந்த வெள்ளை வம்சத்தைத் தொடங்கியவர் தையல்காரியின் புருஷன். ஊரெல்லாம் சுவருக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டர். "எந்தக் கலர்லயும் தப்பை மறைச்சிடலாம். வெள்ளையில முடியாது. அதான் எனக்கு இதுமேல பைத்தியம்" என்பார். வெயில் பட்டால் இறகு மஞ்சளாகும் என்று கொல்லை முழுக்கக் கூரை போட்டார். மக்காச்சோளம் தின்றால் மஞ்சள் ஏறும் என்று அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. அவளும் சளைத்தவள் இல்லை. பகலெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பாள். சாயங்காலமானால் பல் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கோழிக்குக் கால் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆசைதான். தங்கள் கொல்லையில் பிறந்த வெள்ளை ஒன்று கண்காட்சியில் முதலாவதாக வரவேண்டும்.

பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்து செத்த அன்று, குஞ்சு பொரிக்கிற பெட்டியில் அவர் கையால் அடுக்கிய முட்டைகள் இருந்தன. முட்டையை நாளுக்குச் சில தடவை திருப்பி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற உயிர் ஓட்டில் ஒட்டிக்கொண்டு போய்விடும். சாவுக்கு வந்த கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவள் எழுந்து எழுந்து உள்ளே போனாள். "புருஷன் கிடக்கறான், இவளுக்குக் கோழி கேக்குது பாரு" என்று ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள். விழுந்தது. அழுதுகொண்டேதான் திருப்பினாள். அந்த முட்டைகளில் ஒன்றிலிருந்து வந்தவன்தான் மாப்பிள்ளை.

அடுத்த கண்காட்சிக்கு அவனைக் கொண்டுபோனாள். முதல் நாளே மூன்று தொட்டி வெந்நீரில் குளிப்பாட்டி, தலைமுடி உலர்த்துகிற மெஷினால் காயவைத்து, கொண்டைக்குத் துளி எண்ணெய் தடவினாள். வெள்ளைக் கோழிகளுக்கு அன்று நடுவராக வந்தவர் வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த அண்ணன். வேறு ஊரில் கடிகாரக்கடை வைத்திருப்பவர். கோழிச் சங்கத்தில் கண் என்றால் அவர் கண்தான். அவர் சொன்னதற்கு அப்பீலே கிடையாது. தங்கைதானே, சலுகை கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கூண்டில் நம்பர் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. பெயிண்டர் சாவுக்குப் பிறகு அண்ணன் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை என்பதால் மாப்பிள்ளையை அவர் பார்த்ததும் இல்லை. அவளும் மூச்சுவிடவில்லை. ஜெயித்தால் நேர்மையாக ஜெயிக்கவேண்டும்.

நடுவர் பார்த்து முடிக்கும்வரை கோழிக்காரர்கள் வெளியே நிற்கவேண்டும் என்பது விதி. கதவு திறந்ததும் அவள் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். கூண்டில் அட்டை தொங்கியது. அண்ணனின் குண்டு குண்டான கையெழுத்து: "உருவம் அருமை. இறகில் மஞ்சள் சாயல். பரிசுக்கில்லை."

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் மாப்பிள்ளையைக் கூடையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். மறுநாள் அண்ணன் போன் செய்து, "ஏம்மா, இந்தத் தடவை நீ வரலியா?" என்றபோது, "உடம்பு முடியலண்ணா" என்றாள். அந்தச் சேவல் என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், தங்கை வந்து சலுகை கேட்கிறாள் என்று ஆகிவிடாதா?

வீட்டில், தைக்கிற வெள்ளைத் துணியை மாப்பிள்ளையின் முதுகில் விரித்துப் பார்த்தாள். துணிக்கும் இறகுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் பாசம் கண்ணை மறைக்குமே! அண்ணன் கண்ணுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தாள். வெயில் படவிடவில்லை, மக்காச்சோளம் கொடுக்கவில்லை. அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது? ரத்தத்திலிருந்துதான் வந்திருக்கவேண்டும். ரத்தத்தில் எப்படி வரும்? யாரோ கலந்தால்தானே வரும்.

அந்த யோசனை வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வம்சம் மெலிந்துபோகிறது என்று அந்த மனுஷன் எங்கேயாவது ஒரு கோழியைக் கொண்டுவந்து தனக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டாரா? வெள்ளையில் தப்பை மறைக்க முடியாது என்று வாய் கிழியப் பேசியவர், கட்டினவளிடமே மறைத்தாரா? சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தைப் பார்த்து, "என்கிட்டயுமா?" என்று கேட்டாள். கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

ரத்தத்தில் மஞ்சள் இருக்கிற கோழியை வளர்க்கவும் கூடாது, இன்னொருத்தருக்கு வளர்க்கக் கொடுக்கவும் கூடாது. போகிற இடத்தையெல்லாம் கெடுத்துவிடும். சாதிக்கோழிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் கறிக்கடைக்காரரை வீட்டுக்கு வரச்சொன்னாள்.

அவர் மாப்பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு தயங்கினார். "ஏம்மா, இதைப் போய் அறுக்கறதா? பாவமா இருக்கு. நானே வீட்ல வெச்சு வளத்துக்கறேனே."

"வேணாங்க. வளக்கறதுன்னா தரமாட்டேன். இன்னிக்கே முடிச்சிடுங்க."

பக்கத்து வீட்டுக்காரி ஒரு ஜோடியாவது கொடு என்று கெஞ்சினாள். அவளுக்கும் இல்லை என்றாள். மாப்பிள்ளையோடு மற்றக் கோழிகளும் கறிக்கடைக்கே போயின. அடைக்கு வைத்திருந்த முட்டைகளைத் தன் கையாலேயே உடைத்தாள். மறுநாள் விடிகாலையில் சுவருக்கு மேலே யாரும் தலை நீட்டவில்லை.

பல மாதம் கழித்து, ஒரு மத்தியானம், அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி.

"என்னண்ணா இது, சினிமால சேந்துட்டியா?"

"போடி! கண் ஆபரேஷன் முடிஞ்சுது. ரெண்டு கண்ணும். நேத்துதான் டாக்டர் வெளியூர் போகலாம்னாரு. நேரா உன்னைப் பாக்கத்தான் வரேன்" என்று கண்ணாடியைக் கழற்றினார். சிறுபிள்ளை மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார். "அட, சுவருக்கு எப்ப பெயிண்ட் அடிச்சே? பளிச்சுனு இருக்கே!"

"அடிக்கலியேண்ணா. அவர் அடிச்சதுதான்."

"நெஜமாவா? பாத்தியா, பாத்தியா!" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டாக்டர் சொன்னாரு, கண்ணுல புரை வளந்து வளந்து மஞ்சளா ஆயிடுச்சாம். மூணு வருஷமா மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டே உலகத்தைப் பாத்திருக்கேன், எனக்கே தெரியல! கொஞ்சம் கொஞ்சமா வந்தா எப்படித் தெரியும்? உங்க அண்ணிகூட எத்தனை சண்டை, வேட்டியைச் சரியா துவைக்கறதில்லன்னு. பாவம் அவ."

தையல்காரி மெஷினைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம். கண்காட்சி நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"சரி, காபியெல்லாம் அப்புறம். மொதல்ல உன் வெள்ளைங்களைக் காட்டு. இந்தக் கண்ணால வெள்ளைன்னு ஒண்ணைப் பாக்கணும்னா அதைத்தான் பாக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். மச்சான் வளத்த வம்சமாச்சே!" அண்ணன் கொல்லைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணா, இல்ல."

"என்ன இல்ல?"

"சீக்கு வந்துச்சு. எல்லாம் போயிடுச்சு."

"எல்லாமுமா? ஒண்ணுகூட மிஞ்சலியா?"

"இல்லண்ணா."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததையும் மறந்து அழுதார். "அடப்பாவமே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஓடி வந்திருப்பேனே." கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் மனதைத் தேற்றுவதற்காக வலிய ஒரு சிரிப்பை வரவழைத்தார். "நானும்தான் இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எத்தனை நல்ல கோழிக்கு மஞ்சள்னு எழுதித் தள்ளினேனோ! யார் யார் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டேனோ, போ."

அண்ணனின் முகத்தை அவள் பார்த்தாள். புதுக்கண் இரண்டும் ஈரத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி ஜென்மத்துக்கும் இந்த மனிதர் ஒரு கோழியைக் கையில் எடுக்கமாட்டார்.

"ஒரு அட்டையைப் பாத்துட்டு யாருண்ணா அவ்வளவு பெருசா எடுத்துக்குவாங்க? அடுத்த வருஷம் மறுபடி கொண்டு வருவாங்க" என்றாள்.

"அதுவும் சரிதான்" என்றார் அண்ணன். காபி குடித்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாள். புருஷன் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி நனைந்துகொண்டே இருந்தது.

"என்னங்க, உங்க கோழி வெள்ளைதாங்க. நீங்க எதையும் கலக்கல. நான்தாங்க..."

படத்தைப் பழையபடி சுவரில் மாட்டினாள்.