கப்பல் குளத்தில் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா? இரண்டிலும் இறங்கிப் பார்த்தோம்

கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்தபோது என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சாப்பாடு எப்படி, அறை எப்படி என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. "ஏ மல்லிகா, கப்பல்ல நீச்சல் குளம் இருக்குதுங்கறாங்களே, அதுல உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? அதைய மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார். பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ரெண்டு பூல் இருக்கு மேடம், ரொம்ப நல்லா இருக்கும்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை. இணையத்தில் தமிழில் தேடினேன். பஃபேயில் என்னென்ன வைப்பார்கள் என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. இதில் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருச்செங்கோடு. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் கணவர் செந்தில்வேல் இருபது வருடம் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போர்வெல் போட்டுத் திரிந்தவர். நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு தோட்டத்தில் வேலை நடந்தபோது கம்பியில் தொங்கிய இரும்புக் குழாய் நழுவி அவருடைய வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது செயற்கைக் கால். அதை மாட்டிக்கொண்டு தோட்டங்காட்டுக்குப் போவார், கார் ஓட்டுவார், விசேஷ வீடுகளில் பந்தி பரிமாறுவார். தண்ணீரில் மட்டும் இறங்குவதில்லை.

அது சாதாரண விஷயம் இல்லை. அவருடைய அம்மா பிறந்த ஊர் மோகனூர். பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால், காவிரியில் மோகனூர்க் கரையில் இறங்கி, எதிரே வாங்கல் கரையில் ஏறுகிறவர். கல்யாணமான புதிதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ரூம் மேலிருந்து அவர் தலைகீழாகக் குதிப்பதைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொள்வேன். விபத்துக்குப் பிறகு ஒரு நாள் கூட அவர் அந்தக் கிணற்றில் இறங்கவில்லை. உறவுக்காரர்கள் யாராவது நீந்தினால் மேலே நின்று பார்ப்பார், அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. சென்னையில் கிளம்பி, இலங்கையில் ஹம்பாந்தோட்டையும் திருகோணமலையும் பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பும் கப்பல், ஐந்து இரவுகள். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பேருக்கும் வரியோடு எண்பத்தாறாயிரம் ரூபாய். "கப்பல்ல அதிகம் நடக்க வேண்டியதில்லீங்க" என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். (அது பொய் என்று பிறகு தெரிந்தது. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதற்குள் ஒரு தெருவையே நடந்து முடித்துவிடுவோம்.)

கிளம்புவதற்கு முந்தின வாரம் சேலத்தில் வேலை இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் நுழைந்து, முழங்கை, முழங்கால் வரை மூடுகிற நைலான் நீச்சல் உடை கேட்டேன். "பாப்பாவுக்குங்களா? என்ன வயசுங்க?" என்றார் கடைக்காரர். "எனக்குத்தானுங்க" என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. என் கணவர் இறங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து கால் நனைக்கலாம் என்ற அளவில்தான் என் ஆசை. அவருக்கும் ஒரு கால்சட்டை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் ஜங்ஷனுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து காலை ரயிலில் சென்னை, சுமார் முந்நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். இரவு சென்னையில் தங்கி மறுநாள் நண்பகலில் துறைமுகம் போனோம். பாதுகாப்புச் சோதனையில் செயற்கைக் காலுக்கு மணி அடித்தது. தனியறையில் பார்த்துவிட்டு மரியாதையாக அனுப்பினார்கள். மருத்துவச் சான்று கையில் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மாலையில் கப்பல் கிளம்பியதும் நேராக மேல்தளத்துக்குப் போனோம். நடுவில் பெரிய குளம். ஆனால் தண்ணீர் இல்லை, மேலே வலை கட்டியிருந்தது. பின்பக்கம் சின்னக் குளம் ஒன்றில் குழந்தைகளும் பெரியவர்களுமாக நிரம்பி வழிந்தார்கள். அங்கே சிவப்புச் சட்டையில் நின்ற காவலர் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, எந்த ஊரு?" என்று வந்தார். ஆன்டோ, தூத்துக்குடிக்காரர். முப்பது வயதிருக்கும். எங்கள் கேள்விக்குப் பதில் அவரிடம் இருந்தது.

"பெருசு உப்புத் தண்ணி அண்ணாச்சி, கடல்லருந்தே எடுக்கது. துறைமுகத்துத் தண்ணில எண்ணெய், அழுக்கு எல்லாம் கெடக்கும்லா, அதை எடுக்க மாட்டாவ. ஆழக்கடல் போன பொறவுதான் நெரப்புவாவ. வடிகட்டி, மருந்து போட்டு விடுவாவ. சின்னது நல்ல தண்ணி. கப்பல்லயே கடல் தண்ணில உப்பெடுத்துச் செய்யுத தண்ணி."

"அப்ப நாளைக்குப் பெருசு நெறைஞ்சிருமா?" என்றார் இவர்.

"காலையில வாங்க. இறங்கப் போறீங்களா?"

இவர் பெரிய குளத்து வலையைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரிய குளத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. சுற்றிலும் கடல், கரை கண்ணுக்குத் தெரியவில்லை. பெட்டியிலிருந்து கால்சட்டையை எடுத்து நீட்டியபோது என்னை ஒரு பார்வை பார்த்தார், வாங்கிக்கொண்டார். மேலே போய், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கழற்றினார். செயற்கைக் காலைச் செய்து கொடுத்தவர் உப்புத் தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும் என்று எச்சரித்திருந்தார். அதனால்தான் அந்த முதல் கேள்வி.

அப்போதுதான் ஆன்டோ தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. உதவி தேவைப்படுதவங்க இறங்கினா, கூட ஒரு ஆளு தண்ணிக்குள்ள இருக்கணும்னு இந்தக் கப்பல்ல விதி. நான் மேலதான் நிக்கணும்."

இவருடைய முகம் சுருங்கிவிட்டது. "எனக்குக் காவலா? காவேரிய நீஞ்சுனவனுக்கா? போச்சாது, வேண்டாம் போ மல்லிகா" என்று காலை மறுபடி மாட்டக் கையை நீட்டினார்.

நான் நீச்சல் உடைக்கு மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்துப் போட்டேன். "நான் எறங்கறனுங்க" என்றேன்.

"உனக்கு நீச்சலே தெரியாதே."

"விதியில நீச்சல் தெரியோணும்னு சொல்லலீங்களே. தண்ணிக்குள்ள இருக்கோணும்னுதான சொன்னாரு."

ஆன்டோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆழம் நாலரை அடிதான் என்றார். ஏணியில் இறங்கினேன். மார்பு வரை தண்ணீர். கப்பல் மெல்லச் சாய்ந்தபோது குளத்துத் தண்ணீர் மொத்தமும் என் பக்கம் வந்து ஆளையே தூக்கியது. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தேழு வயதில் முதல் முறையாகத் தரையிலிருந்து என் கால் தானாக எழும்பியது. பயந்தேன். பயத்தை அவர் பார்த்துவிடக்கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் ஊன்றுகோலோடு நாலு எட்டு வந்து, குளத்தின் உயர்ந்த விளிம்பில் உட்கார்ந்து, கைகளால் தன்னை இறக்கிக்கொண்டார். முதல் வீச்சிலேயே உடம்பு ஒரு பக்கமாகப் புரண்டது. இரண்டு காலால் உதைத்துப் பழகிய உடம்பு, ஒரு காலால் உதைத்ததும் நிலை தப்பிவிட்டது. உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டு மேலே வந்தார். ஆன்டோ குதிக்கத் தயாராக நின்றார். இவர் கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து கிடந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏ மல்லிகா, இந்தத் தண்ணி ஆளைத் தாங்குது."

அதற்குப் பிறகு காலை விட்டுவிட்டுக் கைகளையே நம்பினார். எதிர் விளிம்பைத் தொட்டார். திரும்பி வந்தார். மறுபடி போனார். காலைச் சாப்பாட்டுக்கு ஆட்கள் மேலே வரத் தொடங்கியும் அவர் நிறுத்தவில்லை. நான் விளிம்பைப் பிடித்தபடி, கண் எரிய எரிய நின்று பார்த்தேன். எரிந்ததற்கு உப்பு மட்டும் காரணமில்லை.

மூன்றாம் நாள் ஹம்பாந்தோட்டை. துறைமுகத்தில் நிற்கும்போது பெரிய குளத்தை மூடிவிட்டார்கள். பாதிக் கப்பல் ஊர் சுற்றப் போய்விட்டது. நாங்கள் சின்னக் குளத்துக்குப் போனோம். அங்கே ஒரு வட நாட்டுக் குடும்பம் இருந்தது. இவர் காலைக் கழற்றுவதைப் பார்த்ததும், அந்தக் குடும்பத்து ஆள் ஆன்டோவிடம் போய், பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரில் இவரை விடலாமா, தொற்று வராதா என்று இந்தியில் கேட்டார். எங்களுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். ரிக் வண்டிக்காரர்களுக்கு இந்தி எவ்வளவு தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இவர் குரலை உயர்த்தாமல் இந்தியிலேயே சொன்னார்: "புண் இல்லை. ஆறி நான்கு வருடம் ஆகிறது. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் வந்து பாருங்கள்." அந்த ஆள் வரவில்லை. மன்னிக்கவும் என்பது போல ஏதோ முனகினார். அவருடைய மனைவி பிள்ளைகளை மறு மூலைக்குக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எங்கள் பக்கம் வரவே இல்லை. எங்களுக்கு அதில் ஒன்றும் குறையவில்லை. நாலு வருடமாகச் சொந்தக்காரர்கள் முன்னால் கூடக் காலை மறைத்தவர், முன்பின் தெரியாத ஆளிடம் வந்து பார் என்று சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் நெஞ்சு நிமிர்ந்தது.

நல்ல தண்ணீரில் கண் எரியவில்லை, வாயில் பட்டாலும் குமட்டவில்லை. மருந்து வாசனை மட்டும் உண்டு. ஆனால் அது உப்புத் தண்ணீர் போலத் தாங்கவில்லை. இடுப்பு கீழே இறங்கியது. இரண்டு மடங்கு கை வீச வேண்டியிருந்தது. சீக்கிரம் களைத்தார். "இதுல நீஞ்சுனாத்தான் நீச்சல்" என்று சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார்.

நான்காம் நாள் திருகோணமலையில் ஆட்டோ பிடித்துக் கோணேசர் கோயிலுக்குப் போனோம். "எங்கேயிருந்து வாறீங்கள்?" என்றார் ஓட்டுநர். அந்த 'வாறீங்கள்' காதில் பட்டதும் இவருக்கு ஒரே சந்தோஷம். "நாங்களும் வாரேன்னுதானுங்க சொல்லுவோம்" என்றார். கோயில் வாசல் வரை ஏற்றம்தான். நின்று நின்று ஏறினோம்.

ஐந்தாம் நாள் மறுபடி ஆழக்கடல், பெரிய குளம் திறந்திருந்தது. இந்த முறை அவர் என்னைப் படுக்கச் சொன்னார். முதுகுக்கு அடியில் கை கொடுத்து, "வயித்தை எக்காத. தலைய பின்னால சாச்சுடு சாமி" என்றார். கையை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் குரல் கேட்காததால் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கை தூரத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

இனிப் போகிறவர்களுக்கு. நீச்சல் புதிதென்றாலும், என் கணவரைப் போல உடம்பின் சமநிலை மாறியிருந்தாலும் முதலில் உப்புத் தண்ணீரில் இறங்குங்கள். அது தாங்கும். நீச்சல் கண்ணாடி கட்டாயம் வேண்டும், நாங்கள் கொண்டு போகாமல் கஷ்டப்பட்டோம். உப்புக் குளம் கடல் நாட்களில்தான் கிடைக்கும். காற்று பலமாக இருந்தால் அன்றும் மூடிவிடுவார்கள். அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். காலை ஏழு மணிக்குப் போனால் குளம் உங்களுக்கே. ஏறியதும் நல்ல தண்ணீரில் குளித்துவிடுங்கள். உப்பு உலர்ந்தால் தோல் இழுக்கும், துணியும் வெளுக்கும். செயற்கைக் கால் உள்ளவர்கள் அதைத் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் துண்டில் சுற்றி வையுங்கள். தோலை நன்றாகக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே மாட்டுங்கள். கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்தாலும் உள்ளே உரசிப் புண்ணாக்கும். குளத்தில் ஆளை இறக்கும் நாற்காலி இருக்கிறதா, கூட ஆள் இறங்க வேண்டுமா என்று முன்பதிவிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் கப்பலில் நாற்காலி இல்லை. கைகளில் பலம் இருந்ததால் சமாளித்தார்.

எது நல்லது என்று கேட்டால், எனக்கு உப்பு, அவருக்கு நல்ல தண்ணீர். வீட்டில் இன்னும் இந்த வாக்குவாதம் முடியவில்லை.

ஆறாம் நாள் காலை சென்னைத் துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "இலங்கையில என்ன பார்த்தீங்க?" என்று சும்மா கேட்டார். கோயிலைச் சொல்வார் என்று நினைத்தேன். என் கணவர் மேசையில் கையை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"நீஞ்சிப்போட்டு வாரமுங்க" என்றார். "ரண்டு பேருமே."