திருத்தணி வேங்கை டம்ளர்

நான்கு மாதம் மாங்கட்டைச் சாயத்தை வெறும் வயிற்றில் குடித்தவன் நான். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பிச் சென்னை நடைபாதையில் ஒரு வேங்கை மர டம்ளர் வாங்கினேன். இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்க வேண்டும். தண்ணீர் சிவந்தது, நானும் பூரித்தேன். ஐந்தாம் மாதம் கதவு இழைக்க வந்த தச்சர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாங்கட்டைங்க, சாயம் ஏத்திருக்கான்" என்றார். அன்றோடு மரங்கள்மேல் இருந்த நம்பிக்கை போயிற்று. மனிதர்கள்மேல் இருந்தது முன்பே போயிருந்தது.

1998 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.40க்குச் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். திருத்தணிக்கு எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். அசல் வேங்கையைத் தேட அதைவிடப் பொருத்தமான ஊர் எது? வள்ளியோடு பேசிக்கொண்டிருந்த முருகன், வேடர்கள் வரவே வேங்கை மரமாகி நின்றான் என்பது புராணம். நேற்றில்லாத மரம் இன்றைக்கு எப்படி வந்தது என்று சந்தேகப்பட்ட அந்த வேடர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மணவூர் தாண்டியதும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். புளி, புங்கன், தூங்குமூஞ்சி, கொன்றை, நடுவே வேர்க்கடலைக் கொல்லை. எல்லாம் அவரைக் குடும்பம். மரமாகவும் செடியாகவும் வேஷம் போட்டு நின்றாலும் காயைப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு உடைந்துவிடும். வேங்கை அந்தக் குடும்பத்திலேயே பெரிய கள்ளன்: காய் வட்டமாக, ஓரத்தில் இறக்கை வைத்த அப்பளம் மாதிரி இருக்கும்.

எதிரே பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஒருவர். லுங்கி மூட்டையைச் சென்னைக் கடையில் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்.

"இன்னா சார், அப்போலேர்ந்து எழுதிகினே வர்றீங்க?"

"மரங்களை."

"கவர்மெண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு புன்னகையோடு நிறுத்திக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில் யாராவது நம்மைப் பெரிய ஆளாக நினைத்தால் உடனே மறுக்க மனசு வருவதில்லை.

9.30. மலைப் படிக்கட்டின் அடியில் டம்ளர் கடை. கடை என்றால் ஒரு சாக்கு. அதன்மேல் முப்பது டம்ளர். கடைக்காரர் முனிரத்தினம் தண்ணீர் தெளித்து அடுக்க, மனைவி தேசம்மா உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ரயிலில் வந்த நெசவாளர் அங்கே தம் மாமியாருக்கு ஒன்று வாங்கியிருந்தார்.

"அசல் வேங்கையா? கட்டை எங்கிருந்து வருகிறது? யார் அறுத்தது?" நோட்டுப் புத்தகம் என் கையில் திறந்திருந்தது. கால்சட்டை காக்கி.

நெசவாளர் முனிரத்தினத்தின் காதில் ஏதோ சொன்னார். முனிரத்தினம் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"வேங்கையா? யாரு சார் சொன்னது? இது தூங்குமூஞ்சி. ரோட்டோரம் காத்துல உழுந்தது."

"இன்னா நைனா, இப்பதானே வேங்கைன்னு எங்கையில எம்பது ரூபா வாங்கின?" என்றார் நெசவாளர்.

"கம்முனு இருப்பா."

கையில் டம்ளர் வைத்திருந்த இரண்டு பெண்கள் அதைச் சாக்கிலேயே வைத்துவிட்டுப் படியேறிப் போனார்கள். என் சந்தேகம் இரட்டித்தது. விற்கிறவனே போலி என்று ஒப்புக்கொண்டால், உள்ளே பெரிய சூது இருக்கத்தானே வேண்டும்?

எனக்கு ஒரு சோதனை தெரியும். அசல் வேங்கையில் ஊறிய தண்ணீர் மஞ்சளாக இருக்கும், வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மினுங்கும். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அதுவரை முனிரத்தினம் ஒன்றுகூட விற்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "அப்பறம் வாங்க" என்றார்.

10.40. டீக்கடைக் கண்ணாடிக் கிளாஸில் தண்ணீரை மாற்றி வெயிலுக்குத் தூக்கினேன். மயில் கழுத்து நீலம்.

"வேங்கை! அசல் வேங்கை!" என்று கத்திவிட்டேன். பத்துப் பேர் கூடினார்கள்.

முனிரத்தினம் கும்பிட்டார். "சார், துண்டுக் கட்டைங்க சார். பாரஸ்ட் டிப்போல காசு குடுத்து எடுத்தது."

"பில்லு ஊட்ல கீது. எடுத்தாந்து காட்டுறேன்" என்றார் தேசம்மா. "மரத்த மட்டும் அள்ளிகினு பூடாதீங்க. கடஞ்சு வெச்சதெல்லாம் இதான். பூட்டா அடுப்பு எரியாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முனிரத்தினம் என்னை ஏமாற்றவில்லை. அனுமதியில்லாத வேங்கைக் கட்டையைப் பிடிக்க வந்த வனத்துறை ஆள் நான் என்று பயந்து, சொந்தச் சரக்கையே போலி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் அதிகாரி இல்லைங்க. சர்க்கரைக்காரன்" என்றேன். யாரும் நம்பவில்லை. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். நெசவாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆங், கரெக்ட்டு. எங்க மாமியாரும் இதான் துண்ணுது. இவரு பேஷண்ட்டுதான்."

கூட்டம் சிரித்தது. முனிரத்தினம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உடனே குரலை உயர்த்தினார்: "வேங்கைம்மா! சார் மெட்ராஸ்லேர்ந்து வந்து வெயில்ல டெஸ்ட்டு பண்ணிட்டாரு, வேங்கை!" படியிறங்கி வந்தவர்கள் மொய்த்தார்கள். பதினொன்று விற்றது, பன்னிரண்டாவதை எண்பது ரூபாய்க்கு நான் வாங்கினேன். ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

சென்னையில் பொய்யான டம்ளரைச் சத்தியம் செய்து விற்றான். இங்கே உண்மையான டம்ளரைப் பொய் என்று சத்தியம் செய்தார்கள். இரண்டு இடத்திலும் நான்தான் வாங்கினேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், தண்ணீர் வேலை செய்கிறதா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

புறப்படும்போது, கொஞ்சம் ஆசையோடுதான், தேசம்மாவிடம் கேட்டேன்: "என்னைப் பார்த்தால் அதிகாரி மாதிரியா இருக்கு?"

அவர் உப்புத்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சம்பளம் வாங்காம ஒரு ஆளு இவ்ளோ சந்தேகப்படுவாருன்னு எங்களுக்கு எப்டித் தெரியும்?"