பின்சீட்டை வெட்டிய ஞாயிற்றுக்கிழமை

இப்படியொரு கதையைக் கட்டிவிட எனக்கு ஒரு காரணமும் இல்லை. இதனால் கைக்கு எட்டிய வேலையைக் கோட்டை விட்டவன் நான். நடந்தது ராத்திரியில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், சுள்ளென்று வெயில்.

அப்போது எனக்கு வேலை போய்ப் பதினோரு மாதம். பழைய பைக்குகளை மாற்றிக் கட்டும் ஓர் ஒர்க்‌ஷாப்புக்கு நடையாய் நடந்ததில், முதலாளி கடைசியாக ஒரு வழி சொன்னார்.

"பழைய வண்டி ஒண்ணை நீயே கஃபே ரேசராக்கிக் கொண்டு வா. ஆறு வாரம் டைம். அது முடிஞ்ச திங்கக்கிழமை பத்து மணி. வேலை சுத்தமா இருந்தா அன்னைக்கே சேர்ந்துக்கோ."

கஃபே ரேசர் என்றால் தாழ்ந்த ஹேண்டில்பார், ஒல்லியான உடம்பு, ஓட்டுபவருக்கு மட்டும் ஒரே சீட். பின்னால் ஆள் உட்கார இடமே இருக்காது. அதற்குமுன் நான் ஸ்பேனர் பிடித்ததெல்லாம் சைக்கிளுக்குத்தான். ஆனாலும் பழைய இரும்புக் கடையில் ஒரு பைக்கைப் பிடித்து வீட்டுக்குத் தள்ளி வந்தேன். ஆறு வாரம், வீடியோ பார்த்துப் பார்த்து மாரடித்தேன். இதுவும் கைவிட்டால் அடுத்து என்ன என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

முதலில் கோளாறு காட்டியது, பின்சீட்டில் இருப்பவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட். தூங்கப் போகும்முன் மடக்கி வைப்பேன். காலையில் இரண்டும் விரிந்திருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து ஷாக் அப்சார்பர். ஆளில்லாத பைக்கை நிறுத்தினால் பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். என்னுடையது ஐந்து இறங்கியது. டேப் பிடித்து ஏழு முறை அளந்தேன். புது ஷாக் போட்டேன். அப்போதும் ஐந்துதான்.

"பின்னாடி யாராவது உட்கார்ந்திருந்தாத்தான் தம்பி இவ்வளவு இறங்கும்" என்று உதிரிபாகக் கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்றாவது, பெயிண்டைச் சுரண்டியபோது தெரிந்தது. பின்சீட்டைத் தாங்கும் வளைவுக் குழாயில், இரண்டு பக்கமும் பழைய வெல்டிங் தழும்பு. யாரோ அதை ஒருமுறை வெட்டி, அதே துண்டை அதே இடத்தில் திரும்பப் பற்றவைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் என்றால் ஏன் என்று யோசித்திருப்பார். நான் கற்றுக்குட்டி. வெட்ட வேண்டிய இடத்தை எனக்காகக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

கெடுவுக்கு முந்தின ஞாயிறு, மணி 3:10. தழும்பின்மேல் கட்டிங் மெஷினை வைத்தேன்.

இருபது நிமிடம். துண்டு 'டங்' என்று தரையில் விழுந்தது. பைக்கின் பின்பக்கம் மெதுவாக... மேலே எழுந்தது. அளந்தேன். இறக்கம் இப்போது ஒரே சென்டிமீட்டர்! துள்ளிக் குதிக்காத குறைதான். இத்தனை நாள் இருந்த பாரம் எங்கே போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மணி 3:34. வாசலில் பாப்பா சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். என் மகள், ஆறு வயது. கிரீச்... கிரீச்... பெடல் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது. நின்றது.

"அப்பா, மிதிக்க முடியல."

போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை. பின்டயர் தரையோடு நசுங்கியிருந்தது.

"காத்து இறங்கியிருக்கும்டா."

"இல்லப்பா. பின்னாடி உட்கார்ந்திருக்காங்க. இறங்கச் சொல்லு."

கேரியர் காலியாக இருந்தது.

வாரித் தூக்கினேன். நசுங்கிய டயர் மெல்ல... உப்பியது.

என் கையில் பாப்பா கனத்தாள்.

இன்னும் கனத்தாள்.

"முதுகு வலிக்குதுப்பா... மூச்சு முட்டுது..."

என் மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, இவ உதடெல்லாம் நீலமா இருக்கு!"

கட்டிலில் கிடத்தினோம். கட்டில் முனகியது. எனக்குப் புரிந்துவிட்டது. "ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்று கத்திவிட்டு, வெட்டிய துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பைக்கைத் தள்ளி ஓடினேன். காலி டப்பாபோல அது லேசாக வந்தது. இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

மணி 3:52. இரண்டு தெரு தள்ளி வெல்டிங் கடை. சாத்தியிருந்தது. உள்ளேதான் வெல்டர் குடியிருக்கிறார். ஷட்டரைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது. பாதி திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை வேலை கிடையாது. நாளைக்கு..."

பேச்சு நின்றது. அவர் கண் என் கக்கத்தில் இருந்த துண்டின்மேல்.

"வீட்டுல குழந்தை இருக்கா?"

"இருக்கு."

ஷட்டரை முழுசாகத் தூக்கினார்.

மணி 4:21. கடைசிப் பொறி அணைந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

மண்டியிட்டேன். ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் விரித்தேன். "உங்க இடம் இங்க இருக்கு. வந்து உட்காருங்க... பாப்பாவை விட்டுடுங்க..." வெட்கமில்லாமல் அழுதேன்.

கிர்ர்க்...

பின்பக்கம் இறங்கியது.

போன் அடித்தது. "ஆம்புலன்ஸ்காரங்க பார்த்துட்டு ஒண்ணும் இல்லைங்கறாங்க" என்றாள் மனைவி. "பாப்பா எழுந்து தண்ணி கேக்குறா."

திங்கட்கிழமை நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. பைக்கை விற்கவும் மனசு வரவில்லை. வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தை இருக்கும். வீட்டுப் பின்புறம் நிற்கிறது. ஃபுட்ரெஸ்டை நான் மடக்குவதில்லை.

ஒரு வாரம் கழித்து வெல்டருக்கு நன்றி சொல்லப் போனேன். துண்டைப் பார்த்ததும் குழந்தையைப் பற்றி ஏன் கேட்டார் என்று விசாரித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இதே துண்டோட ஓடி வந்தாரு. அதுவும் ஞாயித்துக்கிழமை. நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

"வந்தாரா?"

"வந்தாரு. இனி அவசரமில்ல, மெதுவா பத்த வைங்கன்னாரு."

கடை மூலையைக் காட்டினார். தூசி படிந்து ஒரு சின்ன சைக்கிள்.

"அன்னைக்கு அதையும் கொண்டு வந்து இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரு."