தழும்புக்காரியும் சிலோன் டிவியும்

ஒரு வார்த்தைகூடப் புரியாமல் பார்த்த படத்துக்கு நம்மை ரசிகை என்று சொல்லிக்கொள்ளலாமா? போன வாரம் என் கணவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் ரசிகை இல்லை என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போவேன்.

சின்ன வயதில் நான் பார்த்த ஜப்பான் பொம்மைப் படத் தொடர் ஒன்றுக்கு இத்தனை வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வந்திருக்கிறது, அதுவும் தமிழ் பேசிக்கொண்டு. முதுகில் ஒரு குடத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், காய்ந்த இடத்தில் மூடியைத் திறந்து மழையை விடுகிற ஒரு பெண்ணின் கதை. இப்போது இதற்கெல்லாம் அனிமே என்று பெயர். என் மகள் யாழினிக்கு எட்டு வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் தோழி வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து முதல் பாகத்திலிருந்து பார்க்கப்போகிறார்களாம். அந்த ‘முதல் பாகத்திலிருந்து’தான் இப்போது என் பிரச்சினை.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாயும் அதன் உச்சியில் ஆன்டெனாவும் இருந்தன. காற்று அடங்கியிருந்தால் சிலோன் டிவி தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மாடியில் குழாயைத் திருப்ப, நான் கீழே ஜன்னலில் நின்று கத்துவேன்.

“தெரியுதாட்டி?”

“புள்ளியா இருக்கும்மா! இன்னும் கிழக்க!”

“இப்ப?”

“பைய, பைய... போச்சு! சவம், ஏம்மா நிப்பாட்டல?”

“நீ மேல வந்து திருப்புளா, நான் கீழ நின்னு வாய் பேசுதேன்.”

டிவி சூடேறியதும் பின்பக்கமிருந்து தூசி கருகுகிற மணம் வரும். இன்றைக்கும் அடுப்பில் ஏதாவது லேசாகக் கருகினால் முதலில் எனக்குப் படம் ஆரம்பித்துவிட்ட பரபரப்புதான் வருகிறது. அப்புறம்தான் அடுப்பை அணைக்கிறேன்.

படம் பேசியது சிங்களம். எங்கள் தெருவில் ஒருவருக்கும் சிங்களம் தெரியாது. எனக்கும்தான். ஆனால் டிவி எங்கள் வீட்டுடையது. அதனால் கதை சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மழைக்காரிக்குக் குடத்தக்கா என்று பெயர் வைத்தேன். வெள்ளைக் கோட்டு போட்டவர் கம்பவுண்டர் அண்ணாச்சி. கறுப்பு வெள்ளை டிவியில் குடம் என்ன நிறம் என்று தகராறு வந்தபோது நீலம் என்று தீர்ப்புச் சொன்னேன். கன்னத்தில் தழும்போடு ஒரு பெண் வருவாள். குடத்தக்கா போன ஒவ்வொரு ஊருக்கும் ஒருநாள் பிந்தி வந்து சேர்வாள். அவளைக் கொலைகாரி ஆக்கினேன். குடத்தைப் பிடுங்கத்தான் அலைகிறாள் என்றேன். அவள் முகம் வந்தாலே பிள்ளைகள் எல்லாம் ‘ஓ’வென்று கூச்சல் போடுவோம்.

பேச்சி மட்டும் போட மாட்டாள். மாஞ்சோலை மலையில் தேயிலை பறிக்கிற குடும்பம் அவளுடையது. படிப்பதற்காக எங்கள் பக்கத்து வீட்டில் அவள் அத்தையோடு இருந்தாள். அவள் அம்மா மாசம் ஒருக்கா மலையிலிருந்து பஸ் பிடித்து வருவாள். பல சமயம் பஸ் பிந்தி, வந்த காலோடு திரும்பிவிடுவாள்.

ஒருநாள் பேச்சி சொன்னாள்: “ஏளா, அவ கொலகாரி இல்ல. அழுதுக்கிட்டுல்லா போறா. அவ அந்தக்காவுக்கு அம்மையா இருக்கும்.”

“நீ சிங்களம் படிச்சிருக்கியோ?”

“நீ படிச்சிருக்கியா?”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. “எங்க வீட்டு டிவி, நான் சொல்லுததுதான் கதை. இஷ்டம்னா இரு, இல்லன்னா போ,” என்றேன். பேச்சி பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்து போனாள். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பரீட்சை முடிந்ததும் மலைக்குப் போனவள் திரும்பவே இல்லை.

போன மாதம், யாழினி பார்ப்பதற்கு முன் ஒரு தாயாகச் சரிபார்க்க வேண்டுமே என்று, முதல் பாகத்தைத் தமிழில் தனியாகப் பார்த்தேன். நாலாவது பகுதியிலேயே தழும்புக்காரி வாயைத் திறந்து “என் மகளைப் பார்த்தீர்களா?” என்று கேட்கிறாள். மிக்சியை நிறுத்திவிட்டு இரண்டாம் தடவை போட்டுக் கேட்டேன். அதையேதான் கேட்டாள்.

சரி, அதில் நான் தோற்றேன். ஆனால் இரண்டாம் பாகத்தை நான் ஏற்கவே மாட்டேன். அதில் குடத்தக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் இருக்கிறாள். குடம் பரணில் கிடக்கிறது. அக்காவுக்கு இருக்கிற ஒரே வேலை வாசலில் நின்று கவலைப்படுவது. நானும் கவலைப்படுகிறவள்தான். பள்ளி வேன் ஐந்து நிமிஷம் தாமதித்தால் மூன்று பேருக்குப் போன் போடுகிறவள். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம். கவலைப்படுகிறவள் முதுகில் குடமும் இருக்கக் கூடாதா?

“ஒன் கதை மாதிரி இல்லன்னுதான ஒனக்குக் கோவம்?” என்றார் கணவர். ஆமாம், அதுவும்தான். அப்புறம் குடம் காவி நிறமாம். இருக்கட்டும். எனக்கு அது நீலம்தான்.

எனக்குப் பிடித்தவற்றில் எப்போதும் முதல் இடம் இதற்குத்தான். இரண்டாவது, பனிமலையில் கடிதம் சுமக்கும் கிழட்டு நாயின் கதை. மூன்றாவது வாரத்துக்கு வாரம் மாறும். இணையத்தில் ரசிகர்கள், மூல மொழியில் பார்க்காதவர்களை ஆட்டத்திலேயே சேர்ப்பதில்லை. வாரம் முழுக்க அடுத்த காட்சியை யோசித்து, காற்றைத் திட்டி, புள்ளிகளுக்கு நடுவே முகம் தேடி நாங்கள் பார்த்தோம். யாரிடமும் அனுமதி கேட்டு ரசிகையாக வேண்டிய அவசியம் எனக்கில்லை.

இவ்வளவு வீறாப்பும் யாழினியிடம் செல்லாது. அவள் மூன்று வயதிலிருந்து என் கதையைக் கேட்டுத்தான் சோறு தின்றாள். வாயை மூடிக்கொண்டால், “தழும்புக்காரி வாரா!” என்பேன். வாய் திறக்கும். ஒரு தாயை ஐந்து வருஷமாகப் பூச்சாண்டி ஆக்கி என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதை அவள் தோழிகள் நடுவில் கண்டுபிடிப்பாள். அதன்பிறகு, மாத்திரை கசக்காது, ஊசி வலிக்காது என்று நான் சொல்வதையெல்லாம் நம்புவாளா?

முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொன்னால் பேச்சியையும் சொல்ல வேண்டும். யாழினியை எனக்குத் தெரியும். “அவங்ககிட்ட ஸாரி சொன்னியாம்மா?” என்றுதான் கேட்பாள். எங்கே போய்ச் சொல்வது? சிலோன் டிவியைக் கேபிள் வந்து விழுங்கியது. எங்கள் பக்கத்து வீட்டை இடித்து நகைக்கடைக்கு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்தை மூடியதில் மாஞ்சோலையிலிருந்தும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பேச்சியின் அம்மா பஸ் ஏறிய அந்த வரிசை வீடுகளில் இப்போது கேட்டுப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

இன்று வியாழன். பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: நீங்களாக இருந்தால், சனிக்கிழமைக்குள் அவளை உட்காரவைத்து, “நான் சொன்ன கதை தப்பு, பேச்சி சொன்னதுதான் சரி” என்று சொல்லிவிடுவீர்களா? அல்லது அவளே பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும் என்று வாசலில் காத்திருப்பீர்களா?