சாக்கு கட்டிய தியேட்டர்

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டரை நாடகக் கொட்டகையாக மாற்றப்போகிறோம் என்று கிளம்பி நாங்கள் பட்ட பாடு அப்படி. நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. நாடகம் எழுதும் கிறுக்கு உண்டு. என் நடிகர்கள் எல்லோரும் விசைத்தறியில் வேலை பார்த்தவர்கள். அதுவரை கோயில் கொடைத் திருவிழாக்களில் ஒரே மைக்கைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு நடித்தவர்கள்.

தியேட்டர் முதலாளியும் ஒரு காலத்தில் தறியில் நின்றவர்தான். பிறகு நூல் வியாபாரத்தில் நாலு காசு பார்த்து, தியேட்டரை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். நாங்கள் போய்க் கேட்டதும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "வத்தல் குடோனுக்கு ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு வே. சரி, ஒங்க ஆசைய ஏன் கெடுக்கணும்? ரிப்பேர் பண்ணி ஒரு நாடகம் போடுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

நாடகம் அவருக்குப் பிடித்தால் கட்டடம் எங்களுக்கு. இல்லையென்றால் மிளகாய் வற்றலுக்கு. எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. சொந்தமாக ஒரு மேடை என்பது எனக்கு அவ்வளவு பெரிய ஆசை.

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வைத்துக்கொண்டோம். வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் யோசனை சொல்ல வந்தவர்கள். சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்று கேட்டது நான் செய்த பெரிய முட்டாள்தனம். பச்சை என்றால் ஒருவன் முறைத்தான். சிவப்பு என்றால் இன்னொருவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். மஞ்சள் மங்களகரம்தானே என்றேன், அதிலும் எவனோ ஒரு கொடியைக் கண்டுபிடித்தான். கடைசியில் வெறும் சுண்ணாம்பு அடித்தோம். அதிலும் நீலம் கூடிப்போயிற்று, யார் சொல்லிக் கூட்டினார்கள் என்று ஒரு வாரம் பேசினார்கள்.

மேடை போட்டு முதல் ஒத்திகை பார்த்தபோதுதான் அடுத்த சனி பிடித்தது. படம் ஓடிய காலத்தில் ஸ்பீக்கர் அலறலில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மனிதக் குரலில் ஒரு வசனம் பேசினால் அது தகரக் கூரையில் போய் மோதி, அடுத்த வசனத்தின் தலையில் வந்து விழுந்தது. மேலே சாக்கு கட்டினால் எதிரொலி அடங்கும் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இந்தப் புண்ணியவான்கள் இனாமாகக் கிடைக்கிறதே என்று வற்றல் மண்டியிலிருந்து சாக்கு வாங்கி வந்து, உதறாமல்கூடக் கட்டிவிட்டார்கள். மிளகாய்த் தூசி கொட்டிக்கொண்டே இருந்தது. சோகக் காட்சி, காதல் காட்சி, எல்லாம் தும்மல். குடோன் வருவதற்கு முன்பே குடோன் ஆக்கிவிட்டீர்களே என்று கத்தினேன். எல்லாவற்றையும் இறக்கி, உதறி, வெயிலில் போட்டு மறுபடி கட்டினோம்.

இதையெல்லாம்விட என்னை வதைத்தது நடிகர்களின் ஒரு பழக்கம். தறிக்கூடத்துச் சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே உதட்டை அசைத்து, கையை ஆட்டியே ஊர்க்கதை முழுவதையும் பேசிவிடுவார்கள். ஒத்திகையின்போது வெளியே ஒரு லாரி உறுமினால் போதும், இவர்களுடைய குரல் தானாக நின்றுவிடும். வாய் மட்டும் அசையும்.

"வயித்துல இருந்து பேசுலே! சத்தம் எங்கலே?"

"பேசிக்கிட்டுத்தான இருக்கேன் அண்ணாச்சி," என்பான் கதாநாயகன், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

நாடகத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் வைத்தேன். கொட்டகைக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு தறிக்கூடம். அன்று அது ஓடாது என்ற தைரியம். மைக் கூடாது என்பது என் பிடிவாதம். மேடை என்றால் குரல்தான் போய்ச் சேர வேண்டும், இல்லையா? ஆனால் அந்த வாரம் முழுக்கக் கரண்ட் கட். விட்ட வேலையைப் பிடிக்க, ஞாயிறானாலும் கரண்ட் வந்ததும் தறியை ஓட்டுவது என்று அந்தத் தறிக்கூடத்தில் முடிவு செய்திருந்தார்கள். என்னிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தொடங்கினோம். முதலாளி முன்வரிசையில். அவருக்குப் பின்னால் தறிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். மகன் ஊரைவிட்டுப் போகிறேன் என்கிறான், தாய் பேச வேண்டும். மாதக்கணக்கில் அடித்து அடித்துத் திருத்திய வசனம் அது. தாயாக நடித்தது நூல் சுற்றும் வேலை பார்த்த ஓர் அக்கா. அவள் வாயைத் திறந்தாள், கரண்ட் வந்தது. சனம் கைதட்டியது. பின்சுவர் முழுக்கத் தறிகள் தடதடவென்று கிளம்பின.

அவ்வளவுதான். அக்காவின் குரல் நின்றது. உதடும் கையும் மட்டும் பேசின. கதாநாயகனும் அப்படியே பதில் சொன்னான். "சத்தமாப் பேசுங்க" என்று நான் பக்கத் திரையின் மறைவில் நின்று தொண்டை கிழியக் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கடைசிவரை அப்படியேதான். என் வசனம் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. கொட்டகை போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

முடிந்ததும் முதலாளி மேடைக்கு ஏறி வந்தார். பின்னால் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகனைப் பார்த்து உதட்டை அசைத்தார், கையை ஒரு வீசு வீசினார். எல்லோரும் குதித்தார்களா, தலையில் அடித்துக்கொண்டார்களா, எனக்குப் புரியவில்லை.

"என்னலே சொல்லுதாரு?" என்றேன். கதாநாயகன் வாயை அசைத்தான். அக்காவைப் பிடித்துக் கேட்டேன். அவளும் வாயை அசைத்தாள்.

"ஏலே, வாயத் தொறந்து சொல்லித் தொலைங்கலே!"

அக்கா என் கையை இழுத்து, உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினாள். அதுவரை முதலாளி இடுப்பிலேயே தொங்கிய கொட்டகைச் சாவி.

முதலாளி என் தோளைப் பிடித்து, காதோடு வாய் வைத்துக் கத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"வசனம்லாம் பிரமாதம் வே! அந்தத் தாய்க்காரி பேசுன பேச்சு இருக்கே, ஒரு வார்த்த விடல!"

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசைப் பெண்கள் இன்னும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையில் என் நாடகம் புரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.